வீட்டில் செய்த சுத்தியலால் தகடு அடித்தால் பிறை பிறையாகத் தழும்பு, ஓரமும் கிழிகிறது. என்ன செய்யலாம்?

தகரடப்பா:
வணக்கம். 1 மி.மீ. அலுமினியத் தகட்டை 20 செ.மீ. வட்டமாக வெட்டிக் கிண்ணம் அடிக்க இறங்கினேன். கருவியெல்லாம் சொந்தத் தயாரிப்பு. பெரிய போல்ட்டின் தலையை கிரைண்டரில் தேய்த்துக் கைப்பிடி வெல்டு செய்தது சுத்தியல். பழைய ஜீன்ஸ் காலில் மணல் நிரப்பித் தைத்தது மணல் மூட்டை. பழைய அரத்தை வளைத்துத் தட்டுபட்டையும் (தகட்டைத் தட்டிச் சமப்படுத்தும் பட்டை) செய்யலாம் என்று யோசனை. குழி நன்றாகத்தான் விழுகிறது, ஆனால் உள்ளே முழுக்க நகம் பட்ட மாதிரி தழும்பு. ஓரம் பாவாடை மடிப்பு போல அலை அலையாகி, நேற்று ஓரிடத்தில் கிழிந்தும் விட்டது. மட்டமான தகடோ?

ஓட்டைவாளி:
தகட்டைத் திட்டாதீர்கள். தழும்பு முழு வட்டமா, பாதி வட்டமா? பாதி என்றால் எந்தப் பக்கம்?

தகரடப்பா:
பாதிதான் அண்ணே. எல்லாமே எனக்கு எதிர்ப்பக்கம் பார்த்து.

ஓட்டைவாளி:
அப்படியானால் சுத்தியலின் முன்விளிம்பு குத்துகிறது. அடி விழும் நேரத்தில் உங்கள் கை சுத்தியல் தலையைவிட மேலே நிற்கிறது, அதாவது வேலை தாழ்வாக இருக்கிறது. மூட்டைக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்துங்கள். உங்கள் பக்கம் பார்த்து விழுந்திருந்தால் இறக்கச் சொல்லியிருப்பேன்.

சுத்தியலின் முகத்தையும், அதாவது அடிக்கும் பரப்பையும், கவனியுங்கள். கிரைண்டர் கல் விட்ட கோடு ஒவ்வொன்றும் ஒவ்வொரு அடியிலும் தகட்டில் அச்சாகும். விளிம்பு என்று ஒன்று தெரியாதபடி அரத்தால் உருட்டி, 120, 220, 400, 600 என்று உப்புத்தாள் போட்டு, லைட்டின் பிம்பம் முகத்தில் தெரியும்வரை தேயுங்கள். சலிப்பான வேலைதான். நான் முதல் சுத்தியலில் இதைச் செய்யாமல், பிறகு ஒவ்வொரு கிண்ணத்தையும் மணிக்கணக்கில் தேய்த்தேன்.

கொட்டாப்புளி:
கிழிசலுக்கு வருகிறேன் தம்பி. அடிக்க அடிக்க அலுமினியம் இறுகும். சத்தம் மாறி, சுத்தியல் துள்ள ஆரம்பித்தால் நிறுத்திவிட்டுச் சூடு காட்ட வேண்டும். சிக்கல் என்னவென்றால், அலுமினியம் சிவக்காது. 660 டிகிரியில் சொல்லாமல் கொள்ளாமல் உருகிவிடும். அதனால் சோப்புக்கட்டியால் மேலே கோடு போட்டு, நெருப்பு டார்ச்சைப் பின்பக்கம் ஓரிடத்தில் நிறுத்தாமல் காட்டுங்கள். சோப்பு கருத்ததும் நெருப்பை எடுத்துவிடுங்கள். ஆறினால் கையாலேயே வளையும். 1100, 3003 மாதிரி மென்மையான வகைக்கு இது போதும்.

அலை விழுவது குற்றமில்லை, நடு இறங்கினால் ஓரத்தில் சுற்றளவு மிஞ்சத்தான் செய்யும். அது மடிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும் முன், உருண்டையான மரக்கட்டைமேல் கவிழ்த்து வைத்து மரச்சுத்தியலால் தட்டித் தாழ்த்துங்கள். மடிந்துவிட்டால் அந்த இடம் கிழியும். வெட்டும்போது கத்தரி விட்ட பிசிறிலிருந்தும் கிழிசல் தொடங்கும், எனவே அடிக்கும் முன்பே ஓரத்தை அரத்தால் வழித்துவிடுங்கள். இப்போதுள்ள கிழிசலின் நுனியில் 2 மி.மீ. துளை போட்டால் மேலே ஓடாது.

ஓட்டைவாளி:
அரத்தைப் பற்றி ஒன்று. பதம் எடுக்காத (சூடு காட்டிக் கடினத்தைக் குறைக்காத) அரம் கண்ணாடி மாதிரி, வளைக்கப் போனால் முறியும், அடித்தால் சில்லு தெறிக்கும். சிவக்கக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்ட பிறகே வளைக்கவும். எதுவானாலும் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அடிக்காதீர்கள்.

கொட்டாப்புளி:
அரமே வேண்டாம் என்பேன். வண்டியின் பழைய வில்பட்டையில் செய்து, அடிக்கும் பக்கம் தோல் ஒட்டுங்கள், தழும்பே விழாது.

தகரடப்பா:
மூட்டையை ஒரு சாண் உயர்த்தினேன், பிறை நின்றுவிட்டது. முகம் இன்னும் 220-இல்தான் இருக்கிறது, லேசான கோடு விழுகிறது. சோப்பு கருத்ததும் நெருப்பை எடுத்தேன், தகடு ஈயம் மாதிரி வளைகிறது! ஒரு சந்தேகம்: இதே சூட்டை ஜி.ஐ. தகட்டுக்கும் காட்டலாமா?

கொட்டாப்புளி:
வேண்டாம். மேல்பூச்சு துத்தநாகம், சூட்டில் புகையும். மூச்சில் போனால் காய்ச்சல் கண்டுவிடும். அதைச் சூடு காட்டாமலே அடியுங்கள்.