ஆறு மைக்குகள், ஒரே மேடை: அரங்கில் ஊளை, நேரலையில் கிணற்றுக் குரல்

கேள்வி (அரங்கொலி)

வணக்கம். இரண்டு ஆண்டுகளாகக் கலந்துரையாடல் நிகழ்ச்சிகளுக்கு ஒலியமைப்பைக் கவனித்து வருகிறேன். இருநூறு பேர் அமரக்கூடிய அரங்கு அது. மேடையில் நீண்ட மேசை ஒன்றின் பின்னால் ஆறு பேர் அமர்கிறார்கள். ஒவ்வொருவர் முன்பும் வளைகழுத்துக் கண்டன்சர் மைக் ஒன்றை வைக்கிறேன். நெறியாளர் மட்டும் எழுந்து நடமாடுவதால் காலர் மைக் அணிந்துகொள்கிறார். பேசுபவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்வதற்காக மேசைக்கு முன்னால் தரையில் இரண்டு மானிட்டர்கள் உள்ளன. அரங்கின் ஒலிபெருக்கிகளுக்குப் போகும் அதே கலவையைத்தான் இணைய நேரலைக்கும் அனுப்புகிறோம்.

எனக்குச் சிக்கல் இரண்டு. மெல்லிய குரலில் பேசுபவருக்காக ஃபேடரை (மிக்சரில் ஒலியளவை ஏற்றி இறக்கும் நழுவுபிடியை) சற்று ஏற்றினாலும் அரங்கில் ஊளை கிளம்பிவிடுகிறது. ஊளையிடும் அலைவரிசைகளை ஈக்யூவில் (அலைவரிசைகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதியில்) தேடித் தேடி வெட்டினேன். பத்துப் பன்னிரண்டு இடங்களில் வெட்டிய பிறகு ஊளை ஓரளவு அடங்கியது. ஆனால் குரலில் உயிரே இல்லாமல் போய்விட்டது. அடுத்தது நேரலை. அதைப் பார்ப்பவர்கள், எல்லோரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருப்பதாகவும், ஓரிருவர் பேச்சு காதில் விழவே இல்லை என்றும் எழுதுகிறார்கள். அரங்கில் அமர்ந்திருந்தவர்களோ அந்த ஓரிருவரைப் பற்றி எந்தக் குறையும் சொல்லவில்லை. மைக்குகளை மாற்ற வேண்டுமா, மிக்சரை மாற்ற வேண்டுமா, அல்லது நான் வேலை செய்யும் முறையையே மாற்ற வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (மேடைமுனை)

நண்பரே, கருவி எதையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். வாய்க்கும் மைக்குக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அடுத்த நிகழ்ச்சியில் ஓர் அளவுநாடாவால் அளந்து பாருங்கள். நீங்கள் சொல்லும் அமைப்பில் அது பெரும்பாலும் 60 சென்டிமீட்டருக்குக் குறையாது, ஏனென்றால் மேசையின் முன் விளிம்பில் மைக் நிற்கும், பேசுபவர் நாற்காலியில் சாய்ந்திருப்பார். தூரம் பாதியானால் மைக்குக்குள் வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். 60 சென்டிமீட்டரை 30 ஆக்கினால் 6, அதையே 15 ஆக்கினால் 12. அந்த 12 டெசிபலும் ஊளையின் எல்லையைத் தொடாமலேயே உங்கள் கைக்கு வருகிறது. ஃபேடரை ஏற்றும்போதோ குரலோடு சேர்த்து ஒலிபெருக்கியிலிருந்து மைக்குக்குத் திரும்பி வரும் ஒலியும் ஏறுகிறது. ஊளை என்பதே அந்தச் சுற்று தன்னைத் தானே ஊட்டி வளர்த்துக்கொள்வதுதான்.

அடுத்தது, திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை. ஒன்று இரண்டாகும்போது, ஊளைக்கு முன் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளியில் 3 டெசிபல் போய்விடும். இரண்டு நான்கானால் மேலும் 3. ஆறு மைக்குகளும் ஒரே அளவில் திறந்திருந்தால் ஏறக்குறைய 8 டெசிபலை இழந்துவிடுகிறீர்கள். தூரத்தால் போன 12, எண்ணிக்கையால் போன 8 என இருபது டெசிபலைக் கைவிட்டுவிட்டு, அதை ஈக்யூவில் மீட்கப் பார்க்கிறீர்கள். ஈக்யூவால் அது முடியாது. மூன்று அல்லது நான்கு குறுகிய வெட்டுகள் வரை பயன் உண்டு. அதற்கு மேல் வெட்டுகிற ஒவ்வொன்றும் ஊளையிலிருந்து எடுப்பதைவிடக் குரலிலிருந்து அதிகமாக எடுக்கிறது. ஒரேயொரு வடிப்பானை மட்டும் தயங்காமல் எல்லா மைக் சேனல்களிலும் போடுங்கள்: 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நீக்கும் ஹை பாஸ். மேசையைத் தட்டும் ஒலி, குளிரூட்டியின் உறுமல், காலடி அதிர்வு ஆகியவை அங்கேதான் குடியிருக்கின்றன.

ஆகவே மைக்கின் கழுத்தை வளைத்து, வாயிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குக் கொண்டுவாருங்கள். நேர் எதிரே வைக்காமல் வாயின் ஓரத்தை நோக்கிச் சற்றுச் சாய்த்து வைத்தால் 'ப', 'ப்ப' போன்ற எழுத்துகளில் வெளிப்படும் காற்று நேராக மைக்கில் மோதாது. பேசாதவரின் மைக்கை 12 முதல் 15 டெசிபல் வரை இறக்கி வையுங்கள். முழுவதும் அடைத்துவிட்டால் அவர் பேசத் தொடங்கும் முதல் சொல் தொலைந்துவிடும்; பாதி இறக்கி வைத்தால் அந்தச் சொல் மெல்லவாவது கேட்கும், அதற்குள் உங்கள் விரல் ஃபேடருக்குப் போய்விடும்.

இந்த வேலையைத் தானே செய்யும் தானியங்கிக் கலவை முறை இப்போது பல டிஜிட்டல் மிக்சர்களில் உள்ளடங்கியே வருகிறது. டான் டூகன் 1970களில் வகுத்த முறை அதன் மூலம். எத்தனை மைக்குகள் திறந்திருந்தாலும் எல்லாவற்றின் கெயினும் (ஒலியைப் பெருக்கும் அளவும்) சேர்ந்து ஒரே மைக்கின் அளவைத் தாண்டாதபடி, பேசுகிறவருக்குப் பங்கை அதிகமாகவும் மற்றவர்களுக்குக் குறைவாகவும் அது பிரித்துக் கொடுக்கும். உங்கள் மிக்சரில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பலர் தங்களிடம் அந்த வசதி இருப்பதே தெரியாமல் ஆறு ஃபேடர்களோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

மானிட்டர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு வகை மைக் தனக்கு நேர் பின்னால், அதாவது 180 பாகையில், மிகக் குறைவாகக் கேட்கும். அதைவிடக் குறுகிய கோணத்தில் கேட்கும் சூப்பர் கார்டியாய்டு மிகக் குறைவாகக் கேட்பது ஏறத்தாழ 126 பாகையில். நேர் பின்னால் அதற்குச் சிறிதளவு செவி உண்டு. உங்கள் வளைகழுத்து மைக் எந்த வகை என்று பார்த்து அதற்கேற்ப மானிட்டரின் இடத்தை முடிவு செய்யுங்கள். உண்மையில், பேச்சு மட்டுமே உள்ள நிகழ்ச்சியில் மானிட்டரே தேவையில்லை என்பது என் கருத்து.

மறுமொழி 2 (நேரலைக்காது)

மேடைமுனை அரங்கைப் பற்றிச் சொன்னது அனைத்தும் சரி. நான் ஒளிபரப்பில் வேலை செய்பவன் என்பதால் இரண்டாவது சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கிணற்றுக் குரலுக்கு உங்கள் அமைப்பில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

ஒருவர் பேசும்போது அவருடைய மைக் மட்டுமன்றிப் பக்கத்து மைக்கும் அவரைக் கேட்கிறது. பக்கத்து மைக்குக்குப் போகும் பாதை 60 சென்டிமீட்டர் கூடுதல் நீளமானது என்று வைத்துக்கொள்வோம். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், அதே குரல் 1.75 மில்லிவினாடி தாமதித்து இரண்டாம் முறை வந்து சேரும். இரண்டும் கலக்கும்போது சுமார் 286, 858, 1430 ஹெர்ட்ஸ் என்று சீரான இடைவெளியில் ஒலி மங்கும் பள்ளங்கள் விழும். அந்தப் பள்ளங்கள் அனைத்தும் மனிதக் குரலின் நடுவிலேயே இருப்பதால்தான் குரல் உள்ளீடற்ற குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு தூரமாவது இரண்டு மைக்குகளுக்கு இடையே இருக்க வேண்டும் என்ற பழைய விதி இதற்காகத்தான் ஏற்பட்டது. அப்போது பக்கத்து மைக்கில் கசியும் குரல் 9 டெசிபலுக்கும் மேல் தணிந்துவிடும், பள்ளங்களும் ஆழமிழக்கும். மைக் ஒரு சாண் தொலைவில் இருந்தால் பக்கத்து மைக் 60 சென்டிமீட்டரில் இருப்பது போதும். 60 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தாலோ 1.8 மீட்டர் வேண்டும். அதற்கு உங்கள் மேசை போதாது.

மற்றொன்று, அரங்கின் ஒலிபெருக்கி. அது மைக்கிலிருந்து 7 மீட்டர் தொலைவில் இருந்தால் அதிலிருந்து வரும் குரல் 20 மில்லிவினாடி தாமதித்து மைக்குக்குள் மீண்டும் நுழையும், சுவர்களில் பட்டு வருவதோ அதைவிடப் பிந்தி. அரங்கில் இருப்பவருக்கு இரண்டு காதுகளும் கண்களும் உண்டு. எதிரொலியைத் தள்ளிவிட்டுப் பேச்சை மட்டும் பிடித்துக்கொள்வார். நேரலையைக் கேட்பவருக்கு அது எல்லாம் ஒரே சிறிய ஒலிபெருக்கி வழியாகவே வருகிறது. இதற்கு மருந்து அரங்கின் ஒலியளவை அளவோடு வைப்பதும், மேடைமுனை சொன்னபடி மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவருவதும்தான்.

ஓரிருவர் பேச்சு நேரலையில் மட்டும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அவர்கள் உரத்த குரலுடையவர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். உரக்கப் பேசுபவரின் குரல் மேடையிலிருந்து நேரடியாகவே முன்வரிசைகளை எட்டிவிடுவதால், அரங்கின் ஒலியை இயக்குபவர் இயல்பாகவே அவருடைய ஃபேடரை இறக்கிவிடுவார். அரங்கிற்கு அது சரியான முடிவு. ஆனால் அதே கலவை நேரலைக்குப் போகும்போது, அங்கே நேரடிக் குரல் என்று ஒன்று இல்லாததால், மேடையிலேயே உரத்த குரலுடையவர் நேரலையில் மிக மெல்லிய குரலுடையவராகிவிடுகிறார். அரங்கின் கலவை என்பது நேரடி ஒலியில் குறைவதை நிரப்பும் ஒன்று; ஒளிபரப்பின் கலவையோ முழுவதையும் தானே தர வேண்டியது. ஒன்றை மற்றொன்றுக்குப் பயன்படுத்தவே கூடாது.

டிஜிட்டல் மிக்சராக இருந்தால் ஒரே உள்ளீட்டை இரண்டு சேனல்களுக்குக் கொடுத்து, ஒன்றை அரங்கிற்கும் மற்றதை நேரலைக்கும் வைத்துக்கொள்ளலாம். அப்போது ஈக்யூவும், உரத்த ஒலியை அடக்கும் கம்ப்ரஸரும்கூடத் தனித்தனி. அரங்கிற்காக நீங்கள் வெட்டிய வெட்டுகளை நேரலை ஏன் சுமக்க வேண்டும்? அது முடியாவிட்டால் ஃபேடருக்கு முன்னாலிருந்து எடுக்கும் ஆக்ஸ் (தனிக் கலவையை வெளியே அனுப்பும் வழி) ஒன்றை நேரலைக்கு ஒதுக்குங்கள். ஆனால் அந்த ஆக்ஸ் ஈக்யூவுக்கு முன்னிருந்து எடுக்கிறதா பின்னிருந்து எடுக்கிறதா, மியூட் செய்தால் அதுவும் அடைபடுகிறதா என்பவற்றை நிகழ்ச்சிக்கு முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர் வேறோர் அறையில், காதை மூடும் ஹெட்ஃபோனில் நேரலையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அரங்கிற்குள் உட்கார்ந்துகொண்டு நேரலையை எடைபோட முடியாது.

கேள்வி கேட்டவர் (அரங்கொலி)

இருவருக்கும் நன்றி. மிகவும் உரக்கப் பேசிய இருவர்தான் நேரலையில் காணாமல் போனவர்கள். பதிவை மீண்டும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஓர் ஐயம் மீதம் இருக்கிறது. நெறியாளரின் காலர் மைக்தான் எல்லாவற்றுக்கும் முதலில் ஊளையிடுகிறது. தொலைக்காட்சியில் எல்லோரும் அதைத்தானே அணிகிறார்கள்?

மறுமொழி 3 (படப்பிடிப்பொலி)

தொலைக்காட்சியில் அணிகிறோம், நன்றாகவும் இருக்கிறது. அதை அணியவே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காலர் மைக் பெரும்பாலும் எல்லாத் திசைகளிலும் சமமாகக் கேட்கும் வகை. அதனால் தலையை அங்குமிங்கும் திருப்பினாலும் குரலின் நிறம் பெரிதாக மாறாது, ஆடை உரசலும் காற்றும் திசைமைக்கில் செய்யும் அளவுக்குத் தொல்லை செய்யாது, அருகில் வந்தால் அடித்தொனி பெருகும் குணமும் அதற்கு இல்லை. மார்பின் நடுவில், மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே பொருத்தி, 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைச் சிறிது ஏற்றினால் மெய்யெழுத்துகளின் தெளிவு திரும்பிவிடும். கையில் எதையும் பிடிக்காத நெறியாளர் இயல்பாகப் பேசுவார்; அது நிகழ்ச்சிக்குப் பெரிய பலம்.

மறுமொழி 4 (மேடைமுனை)

படப்பிடிப்பொலி சொல்வது ஒளிபரப்புக் கூடத்திற்கு முழுவதும் பொருந்தும். அங்கே பார்வையாளர்களை நோக்கிய பெரிய ஒலிபெருக்கி இல்லை. இந்த அரங்கில் இருக்கிறது. எல்லாத் திசைகளிலும் கேட்பது அங்கே நற்குணம், இங்கே அதுவே குற்றம். நெறியாளர் மேடை விளிம்புக்கு வந்து ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கும்போது என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கைமைக்கை வாயிலிருந்து 5 சென்டிமீட்டரில் பிடிக்கலாம். காலர் மைக் 20 சென்டிமீட்டரில் இருக்கிறது. நான்கு மடங்கு தூரம், ஆகவே 12 டெசிபல் இழப்பு. கைகள் விடுபட்டிருக்க வேண்டும் என்றால், காதில் மாட்டிக் கன்னத்தோரம் வரும் ஹெட்செட் மைக்கைக் கொடுங்கள். அது வாயோரத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டரில் இருப்பதோடு, தலை திரும்பும்போது தானும் திரும்பும்.

கைமைக்கைத் தேர்ந்தெடுத்தால், அதன் தலைப்பந்தை விரல்களால் பொத்திப் பிடிக்க வேண்டாம் என்று நெறியாளரிடம் முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். 1966இல் வெளிவந்து இன்றும் மேடைதோறும் காணப்படும் ஷூர் எஸ்எம்58 உட்பட, கார்டியாய்டு கைமைக்குகள் எல்லாம் பின்பக்கத்துத் துளைகள் வழியாக நுழையும் ஒலியைக் கொண்டுதான் பின்னால் இருப்பதைத் தள்ளுகின்றன. அந்தத் துளைகள் வலைப்பந்தின் அடிப்பகுதிக்குள் இருக்கின்றன. பந்தைப் பொத்தினால் திசையறியும் திறன் போய்விடும், உடனே ஊளை வரும். ஊளை கேட்டதும் பலர் பதறி மைக்கை இன்னும் இறுக்கமாகப் பொத்துகிறார்கள். பாவம், அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மறுமொழி 5 (படப்பிடிப்பொலி)

அரங்கின் ஒலிபெருக்கியை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஹெட்செட்தான் சரி. நேரலைக்கு மட்டும் காலர் மைக்கையும் சேர்த்து அணியச் சொல்ல நினைத்தேன், ஆனால் ஒரே வாய்க்கு இரண்டு மைக் என்றால் நேரலைக்காது சொன்ன பள்ளங்கள் அங்கேயும் வந்துவிடும். ஒன்றே போதும்.

கேள்வி கேட்டவர் (அரங்கொலி)

நேற்று அடுத்த நிகழ்ச்சி நடந்தது. மைக்குகளை 15 முதல் 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். கெயினை அதற்கேற்பக் குறைத்தேன். மைக் சூப்பர் கார்டியாய்டு என்று தெரிந்ததால் மானிட்டர்களை நகர்த்திப் பார்த்து, பிறகு நிறுத்தியே விட்டேன். மேடையில் ஒருவரும் அது வேண்டும் என்று கேட்கவில்லை. ஈக்யூவில் பழைய வெட்டுகள் அனைத்தையும் நீக்கிவிட்டு ஹை பாஸும் இரண்டே இரண்டு வெட்டுகளும் மட்டும் வைத்தேன். நெறியாளர் ஹெட்செட் அணிந்தார். ஒருமுறைகூட ஊளை வரவில்லை. என் மிக்சரில் தானியங்கிக் கலவை இல்லை, ஆகவே ஆறு ஃபேடர்களையும் கையாலேயே நடத்தினேன். ஒன்றரை மணி நேரம் மேடையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஃபேடருக்கு முந்தைய ஆக்ஸை நேரலைக்குக் கொடுத்து, நண்பர் ஒருவரைப் பின்னறையில் ஹெட்ஃபோனோடு அமர்த்தினேன். உரத்த குரலுடைய இருவரும் இம்முறை நேரலையில் தெளிவாகக் கேட்டார்கள்.

ஒன்று மட்டும் சரியாக வரவில்லை. பார்வையாளர்கள் கேள்வி கேட்கும் மைக் கைமாறிக்கொண்டிருந்தபோது, தட்டலும் உரசலும் நேரலையில் நிறையக் கேட்டன.

மறுமொழி 6 (நேரலைக்காது)

மகிழ்ச்சி. ஃபேடருக்கு முந்தைய ஆக்ஸ் என்பதால் அரங்கில் நீங்கள் இறக்கியதை நேரலை அறியவில்லை. அந்த மைக்கை மட்டும் ஃபேடருக்குப் பிந்தையதாக மாற்றிவிடுங்கள். மைக்கை எடுத்துச் செல்பவர் அதைக் கேள்வி கேட்பவர் கையில் கொடுக்காமல், தானே பிடித்து அவர் வாயருகே நீட்டட்டும். தூரமும் உங்கள் ஆளின் கட்டுப்பாட்டில் இருக்கும், கைமாறும் சத்தமும் இராது. அவர் கையை உயர்த்தினால் திறப்பது, தாழ்த்தினால் அடைப்பது என்று உங்களுக்குள் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.