அன்லிமிடெட் என்று விற்றுவிட்டு 22ஆம் தேதி கழுத்தைப் பிடிக்கிறார்கள்

கம்பிவடம்:
"ஒழுங்காக இன்டர்நெட் பயன்படுத்தும் எந்த வீட்டுக்காரனும் எஃப்யூபி வரம்பைத் தொட மாட்டான். தொட்டவன் ராப்பகலாகத் திருட்டுப் படம் இறக்குகிறவன்." இது நேற்று இங்கே பைபர்மன்னன் உதிர்த்த முத்து. எஃப்யூபி என்றால் 'நியாயமான பயன்பாட்டு' வரம்பு, அந்த அளவு டேட்டாவைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. என் கதையைச் சொல்கிறேன், நான் எதை இறக்கினேன் என்று அவரே சொல்லட்டும்.

என் பிளான் 200 எம்பிபிஎஸ். பெரிய எழுத்தில் அன்லிமிடெட் என்று போட்டுத்தான் விற்றார்கள். 22ஆம் தேதி சாயங்காலம் மகளின் ஆன்லைன் வகுப்பு நின்றுவிட்டது. டீச்சர் வாயைப் பாதி திறந்தபடி திரையில் உறைந்து கிடந்தார். ஸ்பீட் டெஸ்ட் போட்டேன்: 1.94 எம்பிபிஎஸ். ரூட்டரை அணைத்துப் போட்டேன்: 1.94. கேபிளை மாற்றினேன்: 1.94. லைன் கெட்டிருந்தால் வேகம் ஏறும், இறங்கும். ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கிறதென்றால் யாரோ பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

முதல் போனில் "உங்கள் பகுதியில் பராமரிப்பு வேலை" என்றார்கள். இரண்டாவது போனில் "ரூட்டரை ரீசெட் செய்யுங்கள்". செய்தேன், வைஃபை பெயர், பாஸ்வேர்டு, கேமரா செட்டிங் எல்லாம் போனதுதான் மிச்சம். மூன்றாவது முறை எடுத்த பெண்தான் உண்மையைச் சொன்னார்: "எஃப்யூபி முடிஞ்சிடுச்சு சார், 2500 ஜிபி." எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினேன். பிளான் பெயருக்குப் பக்கத்தில் எறும்பு அளவுக்கு ஒரு நட்சத்திரக் குறி. அதைத் தொட்டால் ஒரு பிடிஎஃப். அதில் 14ஆம் பக்கம்.

நல்லவேளை, ரீசெட்டுக்கு முன்னால் ரூட்டர் கணக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தேன். ஒன்றாம் தேதியிலிருந்து டவுன்லோடு 1052 ஜிபி, அப்லோடு 1451 ஜிபி. அப்லோடு ஏன் இவ்வளவு? வீட்டைச் சுற்றி மூன்று கேமரா, ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ் வீதம் நாள் முழுக்க கிளவுடுக்கு அனுப்புகிறது. ஒரு கேமராவுக்கு நாளைக்கு 21.6 ஜிபி. மூன்றுக்கும் சேர்த்து 64.8. 22 நாளைக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதில் திருட்டுப் படம் எங்கே ஒளிந்திருக்கிறது, மன்னா? நான் கம்பெனி மாறப் போகிறேன், அது வேறு விஷயம்.

பைபர்மன்னன்:
அப்லோடு எஃப்யூபியில் சேராது. இந்த ஒரு வரியில் உங்கள் கதை மொத்தமும் முடிந்துவிட்டது. 11 வருடம் நெட்வொர்க் வேலை பார்த்தவன் சொல்கிறேன். டவுன்லோடு மட்டும்தான் எண்ணுவார்கள். உங்கள் வீட்டில் டவுன்லோடே 2500 போயிருக்கிறது. யார் இறக்கினார்கள் என்று வீட்டில் விசாரியுங்கள், இங்கே வந்து கேட்காதீர்கள்.

கம்பிவடம்:
ரூட்டரில் டவுன்லோடு 1052 என்று இருக்கிறது என்கிறேன். படித்தீர்களா இல்லையா?

பைபர்மன்னன்:
ரூட்டர் கணக்கு ஒரு கணக்கா? ஹார்டுவேர் நாட் (டேட்டாவைத் தனிச் சிப் வழியே தள்ளிவிடும் வசதி) ஆன் ஆகியிருந்தால் பாதிப் போக்குவரத்து ரூட்டரின் பிராசசரைத் தொடாமலே போய்விடும். அதெல்லாம் கணக்கில் விழாது. கம்பெனி எண்ணுவது அவர்கள் பக்கத்து பாக்ஸில். அப்லோடு சேராது.

மாலைவெயில்:
ஒரு சின்னக் கேள்வி. அந்தப் பிடிஎஃப்பில் "டேட்டா பயன்பாடு" என்றால் என்ன என்று விளக்கம் ஏதாவது கொடுத்திருக்கிறார்களா? அதைப் பார்த்தால் அப்லோடு சேருமா சேராதா என்று தெரிந்துவிடுமே.

கணக்குப்பிள்ளை:
200 எம்பிபிஎஸ் என்றால் வினாடிக்கு 200 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட், ஆக வினாடிக்கு 25 எம்பி. 2500 ஜிபி தீர 1,00,000 வினாடி, அதாவது 27 மணி 46 நிமிடம். விற்ற வேகத்தை முழுதாகப் பயன்படுத்தினால் ஒன்றேகால் நாள்கூடத் தாங்காது. பிறகு மீதி மாதம் முழுக்க நூறில் ஒரு பங்கு வேகம். இதற்குப் பெயர் அன்லிமிடெட்.

பைபர்மன்னன்:
அன்லிமிடெட் என்பது இணைப்புக்கு, வேகத்துக்கு இல்லை. லைனைத் துண்டித்தார்களா? இல்லையே. ஜிபான் என்றால் என்ன என்று தெரியுமா? ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை. 2.488 ஜிபிபிஎஸ் ஒரு போர்ட்டுக்கு. அதை ஸ்பிளிட்டர் வைத்து 32 வீடோ 64 வீடோ பங்கு போடுகிறார்கள். 64 பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ்தான் வரும். ஒரு ஆள் மட்டும் ராட்சசன் மாதிரி இழுத்தால் மற்ற 63 பேர் என்ன செய்வார்கள்? எஃப்யூபி இல்லாவிட்டால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரன் உங்களைத் திட்டுவான்.

கம்பிவடம்:
நீங்கள் சொன்ன அதே ஜிபானில் அப்லோடு தனிப் பாதை. கீழே வருவது 1490 நானோமீட்டர் அலைநீள ஒளியில், மேலே போவது 1310 நானோமீட்டரில். என் கேமரா மேலே அனுப்புவதால் பக்கத்து வீட்டுக்காரரின் டவுன்லோடு எப்படிக் குறையும்? அப்படியிருந்தும் அதை எண்ணுகிறார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

பைபர்மன்னன்:
எண்ணவில்லை என்றுதான் மூன்று முறை சொல்லிவிட்டேன். தனிப் பாதை என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அதனால்தான் சேராது.

சும்மாவந்தேன்:
போன தடவை இதே மன்னன்தான் டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) 1.1.1.1 என்று மாற்றினால் டவுன்லோடு வேகம் இரண்டு மடங்காகும் என்று எனக்கு அருள்வாக்கு சொன்னார். மாற்றினேன். வேகம் அப்படியே இருந்தது. என் ஆபீஸ் விபிஎன் மட்டும் படுத்துக்கொண்டது. 11 வருட அனுபவம் வாழ்க.

பைபர்மன்னன்:
டிஎன்எஸ்ஸை ரூட்டரில் மாற்றச் சொன்னேன், லேப்டாப்பில் இல்லை. உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் நான் பொறுப்பா?

சும்மாவந்தேன்:
"லேப்டாப்பில் மாற்றுங்கள்" என்பது நீங்கள் எழுதிய வார்த்தை. வேண்டுமானால் தோண்டி எடுத்துப் போடுகிறேன்.

பைபர்மன்னன்:
தோண்டுங்கள். பழைய குப்பையைத் தோண்டுவதுதானே உங்கள் தொழில். எல்லாருக்கும் மறுபடி சொல்கிறேன், அப்லோடு சேராது.

கணக்குப்பிள்ளை:
மன்னருக்கு ஒரு தகவல். கம்பெனிப் பக்கத்தில் கணக்கு எழுதப் பல இடங்களில் இருப்பது ரேடியஸ் அக்கவுன்டிங். அதன் விதிகளைச் சொல்லும் ஆவணம் ஆர்எஃப்சி 2866, 2000ஆம் ஆண்டில் வந்தது. அதில் இன்புட் ஆக்டெட்ஸ், அவுட்புட் ஆக்டெட்ஸ் என்று இரண்டு கட்டங்கள் (ஆக்டெட் என்றால் பைட்). இரண்டு திசையும் பதிவாகிறது. எடுத்துக் கூட்ட ஒரு கூட்டல் குறி போதும்.

பைபர்மன்னன்:
எனக்கே ரேடியஸா! நான் ரேடியஸ் சர்வர் ஓட்டியவன். இன்புட் என்றால் வாடிக்கையாளருக்கு உள்ளே வருவது, அதாவது டவுன்லோடு. அதை மட்டும் எடுப்பார்கள். இரண்டு தனித்தனிக் கட்டம் வைத்ததே கூட்டக் கூடாது என்பதற்காகத்தான்.

கணக்குப்பிள்ளை:
தலைகீழ். இன்புட் என்பது சர்வர் பக்கத்துப் போர்ட்டிலிருந்து பார்ப்பது. வாடிக்கையாளரிடமிருந்து வருவதுதான் இன்புட், அதாவது அப்லோடு. நீங்கள் சொன்னபடி "இன்புட்டை மட்டும்" எடுத்தால் உங்கள் கம்பெனி 11 வருடமாக அப்லோடை மட்டும்தான் எண்ணியிருக்கிறது.

பைபர்மன்னன்:
அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டேன். டைப்பிங் பிழையைப் பிடித்துத் தொங்குகிறவர்களிடம் பேசிப் பயனில்லை. விஷயத்துக்கு வாருங்கள்: அப்லோடு சேராது.

சும்மாவந்தேன்:
நாலு வரி விளக்கம் எழுதி, அதற்கு அர்த்தமும் சொல்லி, கடைசியில் டைப்பிங் பிழையாம். நல்ல கீபோர்டு!

பழையமோடம்:
எல்லாரும் 2 எம்பிபிஎஸ்ஸுக்கு ஒப்பாரி வைப்பதைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. நாங்கள் 56 கே மோடத்தில் குப்பை கொட்டியவர்கள். ஒரு எம்பி இறங்க இரண்டேகால் நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் லைன் சொன்னபடி கேட்டால். நடுவில் யாராவது ரிசீவரை எடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தக் கிறீச் சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது.

கம்பிவடம்:
அந்தக் காலத்தில் யாரும் 56 கே-வை விற்றுவிட்டு 22ஆம் தேதி 0.56 கே கொடுக்கவில்லையே, பெரியவரே.

பழையமோடம்:
பெரியவரா? எனக்கு 46தான்.

மாலைவெயில்:
என் கேள்வியை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிடிஎஃப்பில் "பயன்பாடு" என்பதற்கு விளக்கம் இருக்கிறதா?

பைபர்மன்னன்:
தம்பி மாலைவெயில், விளக்கமெல்லாம் வக்கீல்கள் எழுதுவது. நெட்வொர்க்கில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். அதை நான் சொல்லிவிட்டேன்.

மாலைவெயில்:
நான் தம்பி இல்லை. பெண். வயது 53.

பைபர்மன்னன்:
சரி அக்கா. பெயரை வைத்து எப்படித் தெரியும்?

மாலைவெயில்:
தெரியாவிட்டால் தம்பி என்றுதான் ஆரம்பிக்க வேண்டுமா? அக்காவும் வேண்டாம். பதில் சொன்னால் போதும்.

கம்பிவடம்:
இப்போது கம்பெனி ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதில் ஒரே ஒரு எண்தான். "பயன்படுத்தியது: 2506 ஜிபி." அப்லோடு, டவுன்லோடு என்று பிரித்துக் காட்டவில்லை. இப்போது என் ரூட்டரின் 1052-ஐயும் 1451-ஐயும் கூட்டுங்கள். 2503. ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு ஊர்ந்துபோனது மூன்று ஜிபி. போதுமா?

பைபர்மன்னன்:
தற்செயல்.

கம்பிவடம்:
தற்செயலா?

பைபர்மன்னன்:
ஆமாம், தற்செயல். ஹார்டுவேர் நாட் ஆன் ஆகியிருந்தால் ரூட்டர் எதையும் காட்டும். அதோடு ரூட்டர் ஜிபி வேறு, கம்பெனி ஜிபி வேறு. ரூட்டர் 1024-ஆல் வகுக்கும், கம்பெனி 1000-ஆல் வகுக்கும். ஆயிரம் கணக்கு ஜிகாபைட்டுக்கும் 1024 கணக்கு ஜிபிபைட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். சர்வதேசத் தர அமைப்பான ஐஇசி 1998லேயே தனிப் பெயர் வைத்துவிட்டது. இது தெரியாமல் கூட்டினால் என்ன அர்த்தம்?

கணக்குப்பிள்ளை:
சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். ரூட்டர் 1024 கணக்கு என்றால் அந்த 2503, ஆயிரம் கணக்கில் 2688 ஆகும். அப்படியானால் 20ஆம் தேதி ராத்திரியோ 21ஆம் தேதி காலையோ பூட்டு விழுந்திருக்க வேண்டும். விழுந்தது 22. கேமரா கணக்கும் ஆயிரத்தில் போட்டால்தான் பொருந்துகிறது. ஆக, இவர் ரூட்டர் ஆயிரத்தில்தான் எண்ணுகிறது.

பைபர்மன்னன்:
எல்லா ரூட்டரும் 1024தான்.

கணக்குப்பிள்ளை:
இப்போது "எல்லா ரூட்டரும்". முன்னே "எந்தக் கணக்கும் கணக்கில்லை". பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள், உங்கள் முயலுக்கு ஒவ்வொரு பதிலிலும் ஒரு கால் குறைகிறது.

பைபர்மன்னன்:
பழமொழி சொன்னால் பாக்கெட் குறையாது. யாராவது ஒருவர் ஆதாரம் காட்டுங்கள், அப்லோடு சேரும் என்று. நான் காத்திருக்கிறேன்.

கம்பிவடம்:
நான் காட்டியது என்ன, ஜாதகமா?

சும்மாவந்தேன்:
விடுங்கள். கம்பிவடம் நண்பரே, மாறுவதற்கு முன் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் போன வருடம் மாறினேன். புதுக் கம்பெனி கொடுத்த ஐபி 100.64 என்று ஆரம்பித்தது. அது சிஜிநாட் முகவரி, பல வீட்டுக்கு வெளியே ஒரே பொது முகவரி. ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டு போட்டால் வேலை செய்யாது. வெளியிலிருந்து வீட்டு சர்வரைத் தொட முடியவில்லை. கிளவுடு கேமரா என்றால் பிரச்சினை இல்லை, வீட்டிலேயே பதிவு வைத்து நேரே பார்ப்பதென்றால் மாட்டிக்கொள்வீர்கள். பழைய கம்பெனியின் ஓஎன்டி பாக்ஸை (ஃபைபர் லைன் வந்து சேரும் பெட்டி) திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்க மறக்க வேண்டாம். நான் வாங்கவில்லை. மூன்று மாதம் "பாக்ஸ் வரவில்லை" என்று போன் வந்துகொண்டிருந்தது.

பைபர்மன்னன்:
சிஜிநாட்டில் ஸ்டாடிக் ஐபி (மாறாத சொந்த முகவரி) கேட்டு வாங்கலாம். அதுகூடத் தெரியாமல் அறிவுரை.

சும்மாவந்தேன்:
கேட்டேன். வீட்டு பிளானுக்குக் கிடையாது என்றார்கள். டிஎன்எஸ்ஸை மாற்றிப் பார்க்கட்டுமா?

பைபர்மன்னன்:
உங்களைப் போன்றவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தது என் தப்பு.

பழையமோடம்:
எனக்கு 46 என்று சொன்னதற்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கம்பிவடம்:
மாலைவெயில் அவர்கள் கேட்டதற்காக 14ஆம் பக்கத்தை மறுபடி படித்தேன். "டேட்டா பயன்பாடு நிறுவனத்தின் கணக்கீட்டின்படி இறுதியானது" என்று இருக்கிறது. அவ்வளவுதான். என்ன கணக்கீடு என்று இல்லை.

மாலைவெயில்:
அதாவது விளக்கமே கிடையாது. இரண்டு நாளாக நீங்கள் எல்லாரும் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் சண்டை போட்டீர்கள்.

பைபர்மன்னன்:
பார்த்தீர்களா, அப்லோடு என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அதனால் சேராது.

கணக்குப்பிள்ளை:
டவுன்லோடு என்றும்தான் ஒரு வார்த்தை இல்லை.

பைபர்மன்னன்:
டவுன்லோடு சொல்லாமலே தெரியும்.

கம்பிவடம்:
புதுக் கம்பெனி ஆள் நாளைக் காலை கேபிள் இழுக்க வருகிறார். அவர்கள் பிளான் தாளையும் பார்த்துவிட்டேன். இதில் நட்சத்திரக் குறி இரண்டு. நாளை அவரிடமே கேட்கிறேன்.

பைபர்மன்னன்:
எந்தக் கம்பெனி போனாலும் அப்லோடு சேராது. ஆனால் கேமராவை 25 ஃபிரேமிலிருந்து 12க்கு இறக்கி, பிட்ரேட்டை 1 எம்பிபிஎஸ் ஆக்குங்கள். இது நல்லதுக்குச் சொல்வது.

மாலைவெயில்:
சேராது என்றால் எதற்கு இறக்க வேண்டும்?

பைபர்மன்னன்:
தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும், அக்கா.

மாலைவெயில்:
அக்கா வேண்டாம் என்றேன்.