மரியோவுக்கு ஏன் இவ்வளவு பெரிய மீசை?

மஞ்சக்குப்பத்தான்:
அக்கா மகன் லீவுக்கு வந்திருக்கிறான். பாண்டி சண்டே மார்க்கெட்டில் ஒரு பழைய டிவி கேம் வாங்கிக் கொடுத்தேன், மரியோவை விட்டு எழுந்திருப்பதில்லை. அதுகூடப் பரவாயில்லை, கேள்விதான் தாங்கவில்லை. "மாமா, ஹீரோவுக்கு ஏன் தொப்பையும் மீசையும்? பிளம்பர்னா ஒரு குழாயைக்கூட ஏன் ரிப்பேர் பண்ணலை?" தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பழைய கேசட், திருப்பாப்புலியூர்:
தம்பி, ஒரு காலத்தில் வீட்டு முன்னறையில் டிவி கேம் வைத்து மணிக்கணக்குக்கு வாடகைக்கு விட்டவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே வரும்.

மீசை அழகுக்கு வைத்தது இல்லை. 1981ல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி விட்ட 'டாங்கி காங்' ஆர்கேட் கேமில்தான் (கடையில் காசு போட்டு ஆடுவது) இவர் அறிமுகம். அப்போது பெயர் ஜம்ப்மேன். அதை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோவுக்கு ஆளை வரையக் கிடைத்த இடம் 16க்கு 16 புள்ளி. அதற்குள் வாய் வரைந்தால் வாயாகவே தெரியாது. பெரிய மூக்கைப் போட்டு அடியில் மீசையை ஒட்டினார், வாய் வேலை மிச்சம். குதிக்கும்போது முடி பறக்கிற மாதிரி வரைவது பெரும்பாடு, அதனால் தொப்பி. கை அசைவது தெரிய வேண்டும் என்று சட்டைக்கு ஒரு நிறம், தோளில் மாட்டுகிற பேண்டுக்கு வேறு நிறம்.

டாங்கி காங்கில் அவர் பிளம்பரே இல்லை, தச்சர். 1983ல் 'மரியோ பிரதர்ஸ்' வந்தபோது கதை சாக்கடைக்குள் போனது, எங்கு பார்த்தாலும் குழாய். ஆள் பிளம்பராகிவிட்டார். ரிப்பேர் எல்லாம் மருமகன் எதிர்பார்க்கக் கூடாது!

மரியோ என்ற பெயர், அமெரிக்காவில் நின்டெண்டோவுக்குக் கிடங்கை வாடகைக்கு விட்டிருந்த மரியோ செகாலியுடையது. வாடகை பாக்கி கேட்டு வந்து சத்தம் போட்டார் என்று ஒரு கதை உண்டு. நானும் பையன்களிடம் பாக்கி கேட்டு அலைந்தவன், அந்த மனிதர்மேல் எனக்குத் தனிப் பாசம்.

லாஸ்பேட்டை அக்கா:
அண்ணன் சொன்னதோடு இதையும் பையனுக்குக் காட்டுங்கள். 1985ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'ஸில் மேலே இருக்கிற மேகமும் கீழே இருக்கிற புதரும் ஒரே படம்தான், நிறம் மட்டும் வேறு. மொத்த கேமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும், பின்னே என்ன செய்வார்கள்?

அப்புறம் 1-2, அதாவது முதல் உலகத்தின் இரண்டாம் நிலை, அதன் கடைசியில் சுவருக்குள் நுழைந்து, வார்ப் ஸோன் (குழாய் வழியாக வேறு உலகத்துக்குத் தாவுகிற இடம்) என்ற எழுத்து வருவதற்கு முன்னால் முதல் குழாயில் இறங்கினால் -1 என்று ஒரு உலகம் வரும். தண்ணீருக்குள்ளே நீந்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான், முடிவே கிடையாது. உண்மையில் அது 36-1. 36ஆம் எண்ணுக்குத் திரையில் வர வேண்டிய படம் வெறும் காலி, அதனால் கோடும் ஒன்றும் மட்டும் தெரிகிறது.

மஞ்சக்குப்பத்தான்:
சொன்னேன், இப்போது சுவரில் முட்டிக்கொண்டே இருக்கிறான். அண்ணே, நடுவில் திரை கோடு கோடாகிறது. கேசட்டை ஊதிப் போட்டால் சரியாகுமா?

பழைய கேசட், திருப்பாப்புலியூர்:
ஊதவே ஊதாதே. எச்சில் ஈரம் பட்டு, கேசட் அடியில் இருக்கிற உலோகப் பின்கள் கறுத்துவிடும். காது குடைகிற பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டு அந்தப் பின்களைத் துடை, நன்றாகக் காய்ந்ததும் போடு.