இராமானுஜனின் எண்களுக்குத் தமிழில் என்ன பெயர்?

பெரம்பூர் ஆசிரியை:
எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் 22 கணித நாளுக்காக எட்டாம் வகுப்புச் சுவரில் ஒட்ட ஒரு தாள் தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இராமானுஜன் 1915-இல் எழுதிய ‘ஹைலி காம்போசிட் நம்பர்’ பற்றித்தான். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் கூடுதல் காரணிகள் உள்ள எண். 12-க்கு 6 காரணிகள். அதற்குக் கீழே எதற்கும் நான்கைத் தாண்டவில்லை. ‘மீப்பகு எண்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

திருவல்லிக்கேணி ஐயா:
அருமை அம்மா. பகு எண் வினைத்தொகை, பகா எண் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அந்தக் குடும்பத்தில் இதுவும் சேர்ந்துகொள்ளும். மீ என்றால் மேல். குறளில் ‘மீக்கூறும்’, கப்பலில் மீகாமன், பள்ளிக்கூடத்தில் மீச்சிறு பொது மடங்கு. வானத்து மீனும் இந்த மீ-யில் பிறந்ததே என்பது என் நெடுநாள் எண்ணம். மின் என்னும் வேரைக் காட்டுவார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

அம்பத்தூர் மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, மீன் இருக்கட்டும். 2 இந்தப் பட்டியலில் வருகிறதே! 1-க்கு ஒரே காரணி, 2-க்கு இரண்டு. ஆனால் 2 பகா எண். ‘பகா எண்ணாகிய 2 ஒரு மீப்பகு எண்’ என்றால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள். ஆங்கிலப் பெயரில் உள்ள இடறலை நாம் ஏன் சுமக்க வேண்டும்? எண்ணிப் பார்ப்பது காரணிகளை. ஆகவே ‘காரணிமிகு எண்’.

டீச்சர், தாளில் 293318625600-ஐயும் போடுங்கள். இராமானுஜனின் நீண்ட பட்டியலில் விடுபட்டுப்போன எண் அது. பகாக் காரணிகளாக உடைத்தால் 2, 3, 5, 7, 11, 13, 17, 19. அடுக்குகள் முறையே 6, 4, 2, 2, 1, 1, 1, 1. அடுக்குகள் எங்கும் ஏறாமல் இறங்கிவருவதைப் பாருங்கள், இவ்வகை எண் எல்லாவற்றுக்கும் அதுதான் விதி. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகள் 5040. அந்த 5040-உம் இதே வகை எண்! முதல்முறை போட்டுப் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

திருவல்லிக்கேணி ஐயா:
காரணி வடசொல். வேண்டுமானால் ‘வகுத்திமிகு எண்’ என்போம்.

பெரம்பூர் ஆசிரியை:
ஐயா, பாடநூலில் காரணி என்றுதான் இருக்கிறது. வகுத்தி என்றால் வகுத்தல் கணக்குக்குப் போய்விடுவார்கள்.

தாம்பரம் வாசகர்:
நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை. 60-உம் இந்த வகைதானே? 12 காரணிகள். அரை, கால், மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று என எப்படிப் பிரித்தாலும் மிச்சம் விழாது. பெயர் எதுவானாலும் இது தாளில் வரட்டும். என் வாக்கு காரணிமிகு எண்ணுக்கு.

பெரம்பூர் ஆசிரியை:
நேரமாகிவிட்டது. மூவர் காரணிமிகு எண் பக்கம். அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். நாழிகையும் வருகிறது.

திருவல்லிக்கேணி ஐயா:
அனுப்புங்கள் அம்மா. ஆனாலும் என் வாக்கு மீப்பகுவுக்கே. 1, 2 இரண்டையும் விதிவிலக்கு என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. மீன் பற்றித் தனியே எழுதுகிறேன்.