ராஸ்பெர்ரி பை கடிகாரம் நாலரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது, போர்டை மாற்றணுமா?

கிணற்றடி:
தோட்டத்து மோட்டார் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒன்றில் பதிவு செய்கிறேன். அங்கே நெட் இல்லை, வாரம் ஒருமுறை லேப்டாப்பில் கேபிள் செருகி ஃபைலை எடுத்து வருவேன். நேற்று பார்த்தால் பையில் மணி 11:10, என் வாட்சில் 3:40! நேரத்துக்குத் துடிப்பு கொடுக்கும் கிரிஸ்டல் போய்விட்டதா?

சால்டரிங்காரன்:
கிரிஸ்டல் பாவம், அதை விட்டுவிடுங்கள். அது விலகினால் நாளுக்குச் சில நொடிதான் விலகும், ஒரே வாரத்தில் நாலரை மணி நேரம் என்றால் கரண்ட் போயிருக்கிறது. பை 3-இல் பேட்டரி போட்ட கடிகாரமே கிடையாது. ஃபேக் ஹெச்டபிள்யூகிளாக் என்று ஒரு புரோகிராம் மணிக்கு ஒருமுறை நேரத்தை எஸ்டி கார்டில் குறித்து வைக்கும், பூட் ஆனதும் அங்கிருந்துதான் தொடரும். ஃபைலில் நேரம் பின்னால் குதித்திருக்கிறதா பாருங்கள்.

கிணற்றடி:
அட ஆமாம். செவ்வாய்க்கிழமை 9:52, அதற்கு அடுத்த வரி 9:17. வியாழனிலும் 2:40-க்கு அடுத்து 2:17. அதென்ன இரண்டு இடத்திலும் 17?

சால்டரிங்காரன்:
பையின் சிஸ்டத்துக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸில் மணிக்கொரு வேலைகள் ஓடுவதே 17-ஆவது நிமிடத்தில்தான், கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள்.

பழையரேடியோ:
பை 5 வாங்கிடுங்க, அதில் கடிகாரம் உள்ளேயே இருக்கு.

சால்டரிங்காரன்:
அதற்கும் பேட்டரி தனியாகத்தான் வாங்கணும். ஒரு மோட்டார் கணக்குக்கு பை 5 என்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

டிஎஸ்3231 என்ற பேட்டரிக் கடிகார மாட்யூல் ஒன்று போதும். அதே வேலை செய்யும் டிஎஸ்1307 சிப் வேண்டாம், மோட்டார் ரூம் வெயிலுக்கு அதன் கிரிஸ்டல் தாங்காது. 3231 வெப்பத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும், வருஷத்துக்கு ஒரு நிமிடம் தவறினால் பெரிது. மின்சாரத்தை பையின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து (இணைப்பு ஊசி) கொடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் பையின் பின்களுக்கும் ஆபத்து, பல மாட்யூல்களில் சார்ஜ் ஏற்றும் சர்க்யூட் இருப்பதால் சார்ஜ் ஏற்றக்கூடாத சாதாரண சிஆர்2032 பட்டன் செல்லும் உப்பிவிடும், எனக்கு ஒன்று அப்படிப் போயிருக்கிறது.

அப்புறம் பை சிப்போடு பேசும் இணைப்பான ஐ2சி-யை ஆன் செய்து, கான்ஃபிக் ஃபைலில் டிஎஸ்3231 ஓவர்லே வரியை (இந்தச் சிப் இருக்கிறது என்று பைக்குச் சொல்லும் வரி) சேர்த்து ரீபூட் செய்யுங்கள். ஐ2சி-யை ஸ்கேன் செய்தால் சிப்பின் முகவரியான 68 வரவேண்டிய இடத்தில் யூயூ என்று வரும், கெர்னல் (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) சிப்பை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். பழைய ஃபேக் புரோகிராமை நீக்க மறக்காதீர்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை நேரத்தைச் சரிசெய்து சிப்பில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

கிணற்றடி:
சரி, மாட்யூல் ஆர்டர் போட்டாச்சு. பழைய ஃபைலைத் திருத்த வழி உண்டா?

சால்டரிங்காரன்:
கரண்ட் எத்தனை மணிக்கு வந்தது என்று யாராவது குறித்து வைத்திருந்தால் உண்டு.

கிணற்றடி:
அதைக் குறிக்கத்தானே இந்தப் பையையே வாங்கினேன்.