பிள்ளைகளுக்கு ஒரு சிங்கிக் கதை

அன்பான ஊர்ச் சொந்தங்களுக்கு,

போன வாரம் என் மகள் ஒரு படம் வரைந்து காட்டினாள். ரத்தச் சிவப்பு, முன்னால் நண்டு மாதிரி ரெண்டு பெரிய கொடுக்கு. "இதுதானே அப்பா, நம்ம ஊர்ல பிடிக்கிற சிங்கி?" என்றாள். பஹ்ரைனில் மனாமாவில் பிறந்த பிள்ளை. வெளிநாட்டுப் படப்புத்தகத்தில் பார்த்ததைத்தான் வரைவாள். நம்ம சிங்கி இறாலுக்குக் கொடுக்கே கிடையாது, வேகவைத்தால்தான் அப்படிச் சிவக்கும் என்றேன். நம்பவில்லை. அன்று ராத்திரியே இந்தக் கதையை எழுதினேன். கிறிஸ்மஸ் மலரில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

ரோஸியின் பாட்டா முற்றத்தில் உட்கார்ந்து சிங்கி பிடிக்கிற கூடு கட்டுவார். உடைமரக் கம்பை வளைத்து, பனைநாரால் இறுக்குவார். வாய் அகலமாக இருக்கும், உள்ளே போகப் போகக் குறுகும். சிப்பியை உடைத்து இரை வைத்து, சாயங்காலம் பாருக்கு, அதாவது கடலடிப் பாறைக்கு, பக்கத்தில் இறக்கிவிட்டு வருவார். பகலெல்லாம் கல் இடுக்கில் பதுங்கிக் கிடக்கும் சிங்கி, இருட்டின பிறகுதான் இரை தேடி வெளியே வரும்.

ஒருநாள் விடியுமுன் ரோஸியும் கட்டுமரத்தில் ஏறிக்கொண்டாள். முட்டம் லைட்ஹவுஸ் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று கூட்டில் ஒன்றுமில்லை. நாலாவதைத் தூக்கும்போதே உள்ளிருந்து 'கிர்ர் கிர்ர்' என்று சத்தம். மீசையின் அடியை உரசிச் சிங்கி போடுகிற சத்தம். பாட்டா அதை எடுத்துத் திருப்பினார். வாலுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை, கேசரி அப்பி வைத்த மாதிரி.

"பாட்டா, இதுல எத்தன குஞ்சு இருக்கும்?"

"லெச்சக்கணக்குல இருக்கும் மக்களே."

"இத வித்தா எனக்கு ஸ்கூல் பேக்கு வாங்கலாம் இல்லியா?"

பாட்டா பதில் சொல்லவில்லை. சிங்கியை அவள் கையில் கொடுத்தார். முள் குத்தியது. வால் படபடவென்று அடித்தது. ரோஸி கொஞ்ச நேரம் முட்டையையே பார்த்தாள். பிறகு குனிந்து தண்ணீரில் விட்டாள். வாலை ஒரு சுண்டு சுண்டி, பின்பக்கமாகவே பாய்ந்து மறைந்தது.

"குஞ்செல்லாம் எங்க போவும் பாட்டா?"

"கண்ணாடி எல மாதிரி இருக்கும் மக்களே. மாசக்கணக்கா நடுக்கடல்ல மெதந்து திரியும். பொறவுதான் ஏதாவது பாருக்கு வந்து சேரும்."

"நம்ம பாருக்கா?"

"கடல் ஒழுக்கு எங்க இழுத்துக் கொண்டு விடுதோ, அங்க."

அஞ்சாவது கூட்டில் ரெண்டு கிடந்தன. ரெண்டும் கடுவன், ஆண் சிங்கி.

கதை அவ்வளவுதான். நான் சின்னப் பையனாக இருக்கும்போது சினையோடு இருந்தாலும் கரைக்குக் கொண்டுவந்து விற்றதைத்தான் பார்த்திருக்கிறேன். கடன்காரன் வாசலில் நிற்கிற வீட்டை அதற்காகக் குறைசொல்ல எனக்கு மனசில்லை. 200 கிராமுக்குக் குறைந்த நம்ம பக்கத்துச் சிங்கியை ஏற்றுமதி செய்யக்கூடாதென்று 2003-இல் மத்திய அரசு விதி போட்டது. எடை பார்க்கிற அந்த விதி சினையைக் காப்பாற்றாது. அதற்குக் கூட்டைத் தூக்குகிறவரின் மனசு வேண்டும். அதனால்தான் கதையில் சிங்கியை ரோஸியின் கையில் கொடுத்தேன்.

ஒரு உதவி வேண்டும். லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள், கூடு கட்டத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், கம்பு வளைப்பதிலிருந்து நார் கட்டி முடிப்பதுவரை படம் எடுத்து அனுப்புங்கள். கதைக்குப் படம் வரைய என் மகளே ஒத்துக்கொண்டிருக்கிறாள். கொடுக்கை அழித்தாயிற்று. கூடுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.