பழைய டிஃபென்டர் 300டிடிஐ: வாட்டர் பம்ப் மாற்றிய பின்பும் கூலன்ட் குறைகிறது

தோட்டப்பாதை (ஹட்டன்):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1996ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் டிஃபென்டர் 110 ஜீப், 300டிடிஐ டீசல் எஞ்சின். தேயிலைத் தோட்டமொன்றின் பாவனையில் இருந்து என் கைக்கு வந்த வண்டி. சில மாதங்களாக எக்ஸ்பான்ஷன் டாங்கில் (கூலன்ட் ஊற்றும் சேமிப்புத் தொட்டி) எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் குறைந்துகொண்டே வருவதால், வாரத்துக்கு ஏறக்குறைய அரை லீட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. வண்டி நின்ற இடத்தில், முன்பக்கத்துக்கு நேர் கீழே, காலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிகிறது; அதுவும் எல்லா நாளும் அல்ல, இரவுக் குளிர் கடுமையாக இருந்த நாட்களில் மட்டும். வெப்பமானியின் முள் நடுவிலேயே நிற்கிறது. கினிகத்தேனை ஏற்றத்தில்கூட அது அசைவதில்லை.

இங்குள்ள கராஜ் ஒன்றில் காட்டியபோது, எஞ்சினின் முன்புறம் நனைந்திருப்பதைப் பார்த்த உடனேயே வாட்டர் பம்ப் போய்விட்டது என்று சொல்லி அதை மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிய பின்பு ஒழுக்கு நிற்கவில்லை. சற்றுக் கூடிவிட்டது என்றே நினைக்கிறேன். இப்போது ஹெட் கேஸ்கெட்தான் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலுள்ள சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) காரணம், ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். எண்ணெய் மூடியின் உட்புறம் சுத்தமாக இருக்கிறது, எண்ணெய் பால்போல் மாறவில்லை, புகையிலும் மாற்றம் இல்லை. முன் இருக்கையின் காலடி விரிப்பு மட்டும் அடிக்கடி ஈரமாகிறது. ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் வீட்டிலேயே என்னென்ன பார்த்துக்கொள்ள முடியும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய டீசல் (நுவரெலியா):

வணக்கம் தம்பி. இப்போதைக்கு ஹெட்டில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். ஒழுக்கு எங்கே தொடங்குகிறது என்பதை இதுவரை யாரும் கண்ணால் பார்க்கவில்லை என்பதுதான் நீங்கள் எழுதியதில் இருந்து எனக்குத் தெரிகிறது. முன்பக்கம் நனைந்திருப்பதை வைத்துப் பம்பைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் எங்கே கசிந்தாலும் விசிறிக் காற்று அதை எஞ்சினின் முகம் முழுவதும் அடித்துவிடும். நாம் கீழே பார்க்கும் சொட்டு, புறப்பட்ட இடத்தில் இருந்து வெகுதூரம் ஓடி வந்ததாக இருக்கும்.

முதலில் டாங்க் மூடியைப் பாருங்கள். இந்த எஞ்சினுக்கு உரியது 15 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை தாங்கும் மூடி. அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, அழுத்தம் நிற்காமல் கூலன்ட் ஆவியாக வெளியேறிவிடும்; தரையில் ஒரு துளியும் விழாது. நம் மலைப்பக்கத்தில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. நுவரெலியாவின் உயரத்தில் வெறும் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும், கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வு திறப்பதோ 88 டிகிரியில். ஆகவே கூலன்ட்டுக்குப் பதிலாகத் தண்ணீர் மட்டும் ஊற்றி, மூடியும் அழுத்தத்தைப் பிடிக்காத வண்டியில், முள் நடுவில் நிற்கும்போதே கொதி தொடங்கிவிட இடம் உண்டு. மூடி மலிவான பொருள். சந்தேகம் இருந்தால் மாற்றிவிட்டு மேலே போங்கள்.

அடுத்ததாக, ரேடியேட்டர் திருத்துபவர் யாரிடமாவது கைப்பம்புடன் கூடிய அழுத்தச் சோதனைக் கருவியை வாங்கி, இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில், டாங்க் மூடி இருக்கும் இடத்தில் பொருத்தி, 15 பிஎஸ்ஐ வரை மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். எஞ்சினை ஓட விடக் கூடாது. விசிறி சுழலாததால் கசிவு சிதறாது, எஞ்சின் சூடாக இல்லாததால் வந்த துளி காய்ந்தும் போகாது. உங்கள் ஒழுக்கு குளிர்ந்த இரவுகளில் கூடுகிறது என்பதால், குளிரில் செய்யும் சோதனைதான் உங்களுக்கு ஏற்றது. சூட்டில் உலோகம் விரிந்து தானாக அடைத்துக்கொள்ளும் இடைவெளிகள், ஆறிச் சுருங்கும்போது திறந்துகொள்கின்றன. கருவியின் முள் இறங்கத் தொடங்கினால், டார்ச்சும் சிறிய கண்ணாடியும் வைத்துக்கொண்டு, ஈரத்தின் மிக உயரமான புள்ளி எது என்று தேடுங்கள். அதற்குக் கீழே இருக்கும் ஈரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

தேட வேண்டிய இடங்களில் சில எளியவை. ரேடியேட்டரின் மேலும் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் மேலும் இருக்கும் பிளாஸ்டிக் பிளக்குகள் வயதாகி வெடிக்கும்; பித்தளைப் பிளக்குகள் கிடைக்கின்றன, போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. ஹோஸ்களில் கிளிப்புக்கு அடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்திருந்தால் அங்கே கசிந்து காய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். காலடி ஈரத்தை மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள். கதவு வழியாக மழைத் தண்ணீர் வராத டிஃபென்டரை நான் இன்னும் பார்க்கவில்லை. விரல்களுக்கு இடையே தேய்த்தால் வழுவழுப்பாக இருந்து, இனிப்பான வாடையும் அடித்தால்தான் அது கூலன்ட்; அப்போதுதான் கூலன்ட் ஓடும் ஹீட்டர் பக்கம் போக வேண்டும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகோல் நஞ்சு, அதைச் செய்யாதீர்கள். நாய் வளர்ப்பவர்கள் தரையில் சிந்தியதையும் உடனே கழுவிவிட வேண்டும்.

ஆனாலும் என் சந்தேகம் முழுவதும் பி கேஸ்கெட் மீதுதான். ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்ப், வாட்டர் பம்ப் ஆகியவற்றைத் தாங்கும் பெரிய வார்ப்புக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அது இருக்கிறது. வாட்டர் பம்பின் போல்ட்டுகளில் சில அந்த வார்ப்பையும் ஊடுருவி பிளாக் வரை போகின்றன. பம்பை மட்டும் மாற்றுவதற்காக அவற்றைத் தளர்த்தினால், பின்னால் இருக்கும் பழைய கேஸ்கெட்டின் பிடியும் தளர்ந்துவிடும். பம்ப் மாற்றிய பிறகு ஒழுக்கு கூடியதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

மேற்குமலை (கோத்தகிரி):

பெரியவர் சொன்ன வரிசையையே நானும் ஏற்கிறேன். என்னிடம் இருப்பது மஹிந்திரா டீசல் ஜீப், எஞ்சின் வேறு. ஆனாலும் ஹெட் கேஸ்கெட் மீதான சந்தேகத்தை வெறும் கையாலேயே ஓரளவு தீர்த்துக்கொள்ளலாம் என்பது எல்லா டீசலுக்கும் பொருந்தும். காலையில், எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போது, டாங்க் மூடியைத் திறந்து மீதமுள்ள அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு மீண்டும் இறுக்கி மூடுங்கள். எஞ்சினை இயக்கி, ரேடியேட்டரின் மேல் ஹோஸை விசிறிக்குக் கை படாதபடி பிடித்துப் பாருங்கள். கூலன்ட் இன்னும் சூடேறி விரியாத அந்த முதல் ஓரிரு நிமிடங்களுக்குள் ஹோஸ் கல்போல இறுகினால், எஞ்சின் சிலிண்டரில் இருந்து எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது என்று பொருள். மெதுவாக, சூட்டோடு சேர்ந்து இறுகினால் அது இயல்பு.

டாங்கில் கரியமில வாயு இருந்தால் நீலத் திரவத்தை மஞ்சளாக மாற்றிக் காட்டும் சோதனைக் குப்பியைப் பலர் பரிந்துரைப்பார்கள். டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) மிகுதியான காற்றோடு எரிப்பதால் புகையில் கரியமில வாயு குறைவு. எனவே ஐட்லிங்கில் நிறம் மாறவில்லை என்பதை வைத்து ஹெட் கேஸ்கெட் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. ஒரு ஏற்றம் ஏறி வந்த பின் சோதித்தால் நம்பகம் கூடும். சூடான டாங்கின் மூடியைத் திறக்க நேர்ந்தால், அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்து, கனத்த துணி போர்த்தித் திறக்க வேண்டும்.

தோட்டப்பாதை (ஹட்டன்):

இருவருக்கும் மிக்க நன்றி. காலை ஹோஸ் சோதனையில் இறுக்கம் எதுவும் தெரியவில்லை. எஞ்சின் சூடேறிய பிறகே ஹோஸ் படிப்படியாக விறைத்தது. ரேடியேட்டர் திருத்துபவரின் கருவியைக் கொண்டு அழுத்தம் ஏற்றியபோது முள் மெதுவாக இறங்கியது. கண்ணாடியைப் பிடித்துப் பார்த்ததில், புதிய பம்பின் வீப் ஹோல் (பம்பின் உள் சீல் கசிந்தால் கூலன்ட் வெளிவரும் சிறு துளை) உலர்ந்தே இருக்கிறது. அதற்குப் பின்னால், வார்ப்பும் பிளாக்கும் சேரும் கோட்டில் மணிபோல ஒரு துளி உருண்டு நிற்க, அதைத் துடைத்ததும் அதே இடத்தில் அடுத்தது வந்தது. ஹோஸ்களும் பிளக்குகளும் உலர்ந்தே இருந்தன. காலடி ஈரம் மழைத் தண்ணீர்தான். இனி இந்த வேலைக்கு டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டி வருமா, புதிய பம்பையே திரும்பப் போடலாமா என்று தெரிந்தால் நல்லது.

பழைய டீசல் (நுவரெலியா):

டைமிங் பெல்ட்டைத் தொட வேண்டியதில்லை. பம்ப் புதியதுதான், அதையே போடுங்கள். பம்பின் சொந்த கேஸ்கெட்டை மட்டும் பி கேஸ்கெட்டோடு சேர்த்துப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் விசிறியின் விஸ்கஸ் இணைப்பைப் பிடித்திருக்கும் நட் 32 மில்லிமீட்டர், இடது மரை. வழக்கமான திசையில் தளர்த்த முயன்றால் இன்னும் இறுகும். பம்ப் புல்லியின் போல்ட்டுகளை, ஃபேன் பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே, பெல்ட்டின் இறுக்கம் புல்லியைப் பிடித்திருக்கும்போதே சற்றுத் தளர்த்தி வைத்தால் பின்னர் போராட வேண்டியிராது.

வார்ப்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் பல நீளத்தில் இருக்கும். ஓர் அட்டையில் வார்ப்பின் வடிவத்தை வரைந்து, அவை இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டு இறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும். அலுமினியத்தோடு பிடித்துப்போன போல்ட்டை ஸ்பானரில் தொங்கி முறுக்காமல், வார்ப்பைச் சூடாக்கி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். அது உள்ளே உடைந்தால் அரைநாள் வேலை ஒரு வார வேலையாகும். பிளாக்கின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டை முழுவதும் சுரண்டி எடுங்கள், ஆனால் அலுமினிய முகத்தில் கீறல் விழாமல்.

வேலை முடிந்ததும் கூலன்ட்டும் கனிமம் நீக்கிய தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஓடைத் தண்ணீர் வேண்டாம். இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் சேர்ந்த எஞ்சினில் அரிப்புத் தடுப்பு இல்லாத தண்ணீர் அலுமினியத்தைத்தான் முதலில் தின்னும். ஊற்றும்போது ரேடியேட்டர் பிளக்கையும் தெர்மோஸ்டாட் ஹவுசிங் பிளக்கையும் திறந்து வையுங்கள். ரேடியேட்டர் நிரம்பி வழிந்ததும் அதை மூடி, தெர்மோஸ்டாட் ஹவுசிங் விளிம்புவரை நிரம்பிய பின் அதையும் மூடி, கடைசியாக டாங்கை அளவுக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே காற்று தங்கிவிட்டால் முள் காட்டும் வெப்பத்தை நம்ப முடியாது. ஓட்டிப் பார்த்து, இரவு ஆறவிட்டு, மறுநாள் காலையில் அதே அழுத்தக் கருவியை மறுபடி பொருத்திப் பார்த்த பிறகே கருவியைத் திருப்பிக் கொடுங்கள்.